நெல் அவிப்பவள் தொடுத்த வழக்கு

மீராசாகிபுவின் லொறி எப்போதும் வேலிப் படலையைத் தாண்டி உள்ளே வந்து, நெல் அவிக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். 1961ஆம் ஆண்டு மாசி மாதத்து அந்தப் புதன்கிழமை அது வெளியே ஒழுங்கையிலேயே நின்றது. சாரதி இயந்திரத்தை நிறுத்தவும் இல்லை. மீராசாகிபு மட்டும் இறங்கி, கொட்டில் வாசல்வரை வந்து நின்றார்.

கமலாசனி மூன்று பெரிய கிடாரங்களுக்கு நடுவில் நின்று அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தாள். அவரை அவள் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"வாங்கோ நானா. லொறியை ஏன் வெளியிலை விட்டிட்டு வாறியள்? கோப்பி போடுறன், இருங்கோ."

"கோப்பி வேண்டாம் தங்கச்சி. அவசரமாப் போகோணும்." அவர் சேட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்தார். "இது திரும்பி வந்திட்டுது."

அது அவள் அவருக்கு எழுதிக் கொடுத்த காசோலை. அறுபத்தைந்து புசல் நெல்லுக்கு எழுநூற்று எண்பது ரூபா. கீழே அவளுடைய கையெழுத்து, தமிழில். மேலே சிவப்பு மையால் ஆங்கிலத்தில் யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"செக் எழுதின ஆளைக் கேட்கட்டாம். கணக்கிலை காசில்லாட்டி அப்பிடித்தான் எழுதுவினமாம்."

"நான் போன வெள்ளிக்கிழமைதானே தொளாயிரம் ரூபா கட்டினனான்! என்ர கையாலை எண்ணிக் குடுத்தனான்."

"எனக்குத் தெரியாதே தங்கச்சி? ஏதோ பிழை நடந்திருக்கும். போய்ப் பாருங்கோ."

சொன்ன வார்த்தைகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. கிடாரத்திலிருந்து எழும்பிய ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா, இது வேற ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். நான் நாளைக்கே வவுனியாவுக்குப் போய் என்னெண்டு பாத்திட்டு வாறன்."

"சீச்சீ. நான் மூச்சும் விடேல்லை."

லொறி போனபின்னும் அவள் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கிடாரத்தில் நெல் வெடித்துக் குழைந்துபோனது. பதின்மூன்று வருடத்தில் அவள் நெல்லைக் குழைய விட்டது அதுதான் முதல் தடவை.

பதின்மூன்று வருடம் என்பது அவள் கலியாணம் கட்டியதிலிருந்து வருகிற கணக்கு. நெல் அவித்து விற்கத் தொடங்கி மூன்று வருடந்தான். வரணியிலிருந்து நெடுங்கேணிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தபோது, கணவன் வீரகத்திக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு துண்டு மேட்டுக் காணியும் கிடைத்தன. ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் குளக்கட்டு உடைந்து வயல் முழுக்க மண் மூடியது. அடுத்த வருடம் வீட்டில் அரிசி இல்லை. கமலாசனி காப்பு ஒன்றை அடகு வைத்து ஐந்து புசல் நெல் வாங்கினாள். அவித்துக் காயவைத்து மில்லில் குத்துவித்து, பாதியை விற்றாள். விற்ற காசில் எட்டுப் புசல் வாங்கினாள். அதற்குப் பிறகு நிற்பாட்டவில்லை.

தண்ணீரூற்றைச் சேர்ந்த மீராசாகிபு, முல்லைத்தீவுப் பக்கத்து நெல்லை லொறியில் ஏற்றி விற்பவர். அவர்தான் அவளுக்கு முதன்முதலாகக் கடனுக்கு நெல் இறக்கினார். வங்கியில் கணக்குத் திறக்கச் சொன்னதும் அவர்தான். "பஸ்ஸிலை காசு மடியிலை கட்டிக்கொண்டு திரியாதேங்கோ தங்கச்சி. செக் தாங்கோ, நான் மாத்துறன்" என்றார். அவருக்கும் அதே வவுனியா வங்கியில்தான் கணக்கு.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் வவுனியாவுக்குப் போனாள். கம்பித் தட்டிக்குப் பின்னால் தவராசா என்ற கிளாக்கர் இருந்தார். நாற்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி. வெள்ளிக்கிழமை அவளிடம் காசு வாங்கியவரும் அவரேதான். பெரிய பேரேட்டைப் புரட்டி, விரலை ஓட்டி, "உங்கட கணக்கிலை நூற்றிப் பத்து ரூபாதான் இருக்கு அம்மா" என்றார்.

அவள் காசு கட்டிய துண்டை எடுத்து வைத்தாள். திகதி இருந்தது, முத்திரை இருந்தது, தவராசாவின் சின்னக் கையெழுத்தும் இருந்தது.

அவர் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வேறொரு பேரேடு கையில் இருந்தது. முகம் மாறியிருந்தது.

"காசு ஒரு இடமும் போகேல்லை அம்மா. உங்கட புருசன்ர சேமிப்புக் கணக்கிலை விழுந்திட்டுது."

"அவரின்ர கணக்கிலையோ? ஏன்?"

"துண்டிலை திருமதி வீரகத்தி கமலாசனி எண்டு கிடந்தது. நான் வீரகத்தி எண்டதைப் பாத்திட்டு..." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொளாயிரம் ரூபா. அவ்வளவு காசெண்டால் ஆம்பிளையின்ரையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

பிழை செய்த மனிதன் அதை அப்படியே ஒத்துக்கொண்டதில் அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. மனேச்சரின் அறையில்தான் வந்தது. மனேச்சர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சின்னப் பிழை அம்மா. இப்பவே திருத்தியாச்சு. அந்த முதலாளியைச் செக்கைத் திருப்பிப் போடச் சொல்லுங்கோ. உடனை மாறிக் குடுப்பம்."

"பிழை உங்களிலைதான் எண்டு ஒரு கடிதம் தாங்கோ ஐயா. நான் அவருக்குக் காட்டோணும்."

"அப்பிடிக் கடிதம் குடுக்கிற வழக்கம் இல்லை. ஏன் பெரிசாக்கிறியள்? உங்கட வீட்டுக் காசு உங்கட வீட்டுக்குள்ளைதானே இருந்தது. இந்தப் பொக்கற்றிலை இருந்து அந்தப் பொக்கற்றுக்குப் போனமாதிரி."

"நான் செக் எழுதினது என்ர கணக்கிலை, ஐயா."

மனேச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது.

அடுத்த கிழமை காசோலை மாறியது. மீராசாகிபுவுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

பத்து நாள் கழித்து யோகலிங்கம் வந்தான். நாலு காணி தள்ளி இருப்பவன். அறுவடை முடிந்ததும் இருபத்தைந்து புசல் நெல்லை அவளிடம் கொடுத்துவிட்டு, அரிசி விற்றபின் காசு வாங்கிக்கொள்வது அவன் வழக்கம். இந்த முறை மாட்டு வண்டிலோடு வந்தான்.

"அக்கா, நெல்லைத் திருப்பித் தாங்கோ. கோவிக்காதேங்கோ. வவுனியா ஆக்கள் கைக்காசு தருகினமாம்."

"ஏன், நான் எப்பவாவது உனக்குத் தவணை பிந்தினனானோ?"

"இல்லை அக்கா." அவன் வண்டில் மாட்டின் கயிற்றை இழுத்து நேராக்கினான். "எங்களுக்கும் கஷ்டந்தானே."

அவள் சாக்குகளைத் தூக்கிவிடத் தானே கை கொடுத்தாள். அதன்பின் மில்காரன் குத்துக்கூலியை முதலில் வைத்தால்தான் நெல்லைக் கொட்டுவேன் என்றான். வேறு இரண்டு வீட்டார் நெல் தருவதாகச் சொல்லியிருந்தவர்கள், எலி தின்றுவிட்டது என்றார்கள். மீராசாகிபு வந்தார், ஆனால், "இந்த முறை காசாத் தந்தால் நல்லது தங்கச்சி, லொறிக் கடன் கட்டோணும்" என்றார். முந்நூறு புசல் வாங்க நினைத்திருந்த போகத்தில் தொண்ணூறுதான் அவள் கொட்டிலுக்கு வந்தது. இரண்டு கிடாரங்கள் கவிழ்ந்து கிடந்தன.

ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து யோசித்து, அவள் கடைசியில் தவராசாவில் போய் நின்றாள். பிழையையும் விட்டு, அதை ஊரெல்லாம் சொல்லியும் திரிகிற மனிதன். அப்படி அவள் மனதில் அவர் பதிந்துபோனார்.

சித்திரை கழிந்து அவள் வவுனியாவில் வழக்குப் பேசுகிற கதிர்காமநாதன் என்ற பிரக்கிராசியாரிடம் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மூக்குப்பொடி டப்பாவை மேசையில் உருட்டியபடி இருந்தார்.

"பிள்ளை, வங்கி விஷயத்திலை எங்களுக்கும் இங்கிலாந்துச் சட்டந்தான். கணக்கிலை காசு இருக்க வங்கி செக்கைத் திருப்பினால் அது வங்கியின்ர குற்றம். அதிலை வாதமில்லை. ஆனால் நட்டஈடு எவ்வளவு எண்டதுதான் கதை. செக் எழுதினது ஒரு வியாபாரியெண்டால், நட்டத்தை எண்ணிக் காட்டத் தேவையில்லை. வியாபாரிக்கு நாணயந்தான் முதல். அது கெட்டதெண்டு கோட்டு நீதவான் தானாவே எடுப்பார். மற்ற ஆக்களெண்டால் நட்டத்தை ஒவ்வொண்டாய் நிரூபிக்க வேணும். இல்லாட்டிப் பேருக்கு அஞ்சு ரூபா தீர்ப்பாகும்."

"யோகலிங்கம் நெல்லைத் திருப்பிக் கொண்டு போனது நட்டந்தானே ஐயா?"

"அந்த யோகலிங்கம் கோட்டிலை ஏறி, 'இவவை நான் கள்ளியெண்டு நினைச்சன்' எண்டு சொல்லுவானோ?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"சொல்ல மாட்டான். ஒருத்தரும் சொல்ல மாட்டினம்."

"அப்ப வியாபாரி எண்டே போடுங்கோ. நான் வியாபாரிதானே."

பிரக்கிராசியார் உருட்டுவதை நிறுத்தினார். பிறகு, "ஓம். அதைத்தான் நாங்கள் காட்டவேணும்" என்றார்.

வங்கிக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு ஒரு மாதத்தில் பதில் வந்தது. நடந்ததற்கு வருந்துவதாகவும், நல்லெண்ணத்துக்காக ஐம்பது ரூபா தரத் தயாராக இருப்பதாகவும் எழுதியிருந்தது.

வீரகத்தி வாய்க்காலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தபோது அவள் அந்தக் கடிதத்தைச் சொன்னாள். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. கைப்பிடியைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னான்.

"வாங்கிக்கொண்டு விடுவமே."

"அஞ்சு வருசம் போனாலும் விடமாட்டன்."

"வழக்கெண்டால் கோட்டிலை என்னவெண்டு சொல்லப் போறீர்? வியாபாரியெண்டோ?"

"வேற என்னவெண்டு சொல்லுறது?"

"சனம் என்ன சொல்லும்? வீரகத்தி மண்ணைக் கொத்திக்கொண்டு திரியிறான், பெண்சாதி வியாபாரம் செய்து சோறு போடுறாள் எண்டு..." அவன் முடிக்கவில்லை.

"நான் ஒருக்காலும் அப்பிடி நினைச்சதில்லை."

"நீர் நினைக்கேல்லை. எனக்குத் தெரியும்."

அவன் மண்வெட்டியைத் தோளில் வைத்தான். பிறகு அவன், "வழக்குத் தவணைக்கு நானும் வாறன். தனியப் போக வேண்டாம்" என்றான். அதுதான் அவனுடைய சம்மதம்.

வழக்கு விசாரணைக்கு வர அடுத்த வருடம் ஆவணி ஆனது. வங்கிக்காக வாதாட யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அப்புக்காத்து வந்திருந்தார். நீதவானும் தமிழர், அப்புக்காத்தும் தமிழர், சாட்சிக் கூண்டில் நின்ற கமலாசனியும் தமிழ். இருந்தும் கேள்விகள் ஆங்கிலத்தில் பிறந்து, முதலியார் என்று அழைக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியாகத்தான் அவளிடம் வந்தன. அவள் சொன்ன பதில்களும் அந்த வழியாலேயே திரும்பிப் போயின.

அப்புக்காத்து ஒரு படிவத்தைக் காட்டினார்.

"இது நீர் கணக்குத் திறந்தபோது கொடுத்த படிவம். கையெழுத்து உம்முடையதுதானே?"

"ஓம்."

"இதில் தொழில் என்ற இடத்தில் குடும்பப் பெண் என்று எழுதியிருக்கிறது. தெரியுமா?"

"அதை வங்கியிலைதான் எழுதினவை. என்ன தொழில் எண்டு என்னை ஒருத்தரும் கேட்கேல்லை."

"ஆனால் கையெழுத்து வைத்தீர்."

"வைச்சனான்."

"உமக்குக் கடை உண்டா?"

"இல்லை."

"பெயர்ப்பலகை? பதிவுப் பத்திரம்?"

"இல்லை."

"நெல் அவிப்பது எல்லா வீடுகளிலும் பெண்கள் செய்கிற வேலைதானே?"

"ஓம். செய்யிறவைதான்."

அப்புக்காத்து திரும்பி நீதவானைப் பார்த்தார். கதிர்காமநாதன் தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமலாசனிக்குத் தான் ஏதோ பள்ளத்தில் கால் வைத்துவிட்டது விளங்கியது. ஆனால் சொன்னது பொய்யில்லையே. எல்லா வீட்டிலும் அவிக்கிறார்கள்தான். அவள் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கேளாமலே தொடர்ந்தாள்.

"எங்கட வீட்டிலை அஞ்சு பேர் ஐயா. வீட்டுக்கெண்டால் மாதத்துக்கு நாலு புசல் காணும். நான் கிழமைக்கு இருபது புசல் அவிக்கிறன். மிச்சத்தை ஆர் தின்னுகினமெண்டு நினைக்கிறியள்?"

பின் வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். முதலியார் மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன்பே நீதவானின் பேனா ஓடத் தொடங்கியிருந்தது.

அப்புக்காத்து அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வங்கியின் சாட்சிகளில் ஒருவராக அவர் மீராசாகிபுவை அழைத்தார். கமலாசனி திடுக்கிட்டாள். அவர் வருவார் என்று அவளுக்குத் தெரியாது. அவருடைய லொறிக்குக் கடன் கொடுத்தது அந்த வங்கிதான் என்பது தெரியும். பின் வாங்கில் மனேச்சர் கால்மேல் கால் போட்டு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் தவராசா குனிந்த தலையோடு.

மீராசாகிபு தொப்பியைச் சரிசெய்து, அல்லாஹ்வை முன்னிட்டு உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

"இரண்டாம் முறை போட்டபோது காசோலை மாறியதா?"

"மாறினது."

"உமக்கு ஏதாவது நட்டம்?"

"இல்லை."

"வழக்காளியோடு இப்போதும் கொடுக்கல் வாங்கல் உண்டா?"

"ஓம். போன போகத்திலையும் ரெண்டு லொறி இறக்கினனான்."

அப்புக்காத்து திருப்தியோடு அமர்ந்தார். காசோலை திரும்பியதால் ஒருவரும் கெட்டுப்போகவில்லை. அவளை நம்பியவர் இன்னும் நம்புகிறார். அதைக் காட்ட அவருக்கு அவ்வளவு போதும்.

கதிர்காமநாதன் எழும்பினார். இந்தச் சாட்சியிடம் எதைக் கேட்பது என்று அவருக்கே தெளிவில்லை என்று பின்னால் அவர் சொன்னார்.

"முந்தி எப்படிக் காசு வாங்குவீர்?"

"நெல்லை இறக்கிப்போட்டுப் போவன். பத்து நாளாலை செக் தருவா."

"இப்போது?"

"காசு எண்ணித் தந்தாப் பிறகுதான் இறக்கிறன்."

"ஏன் அந்த மாற்றம்?"

நீதவான் நிமிர்ந்து பார்த்தார்.

"பயம்" என்றார் மீராசாகிபு.

"பிழை வங்கியில் என்று தெரிந்தபின்னுமா?"

"வங்கி எனக்கு ஒரு கடிதமும் போடேல்லை. தங்கச்சிதான் சொன்னவ. நான் அரைவாசி நம்பினன், அரைவாசி நம்பேல்லை."

"காசோலை திரும்பியதை நீர் வேறு யாருக்காவது சொன்னீரா?"

கமலாசனியின் கண் தன்னாலேயே தவராசாவிடம் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மீராசாகிபு முதலியாரையும் பிரக்கிராசியாரையும் விட்டுவிட்டு நேராக நீதவானைப் பார்த்துச் சொன்னார்.

"சொன்னனான், ஐயா. செக்கைத் தங்கச்சியிட்டைக் குடுக்க முந்தியே, அண்டைக்குக் காலமை மில்லிலை சொன்னனான். பிறகு சந்தையிலை ரெண்டு பேருக்கு. யோகலிங்கத்துக்கும் நான்தான் சொன்னது."

கதிர்காமநாதன் தாள்களைக் கீழே வைத்தார்.

"ஏன் சொன்னீர்?"

"அவையெல்லாம் தங்கச்சிக்குத் தவணைக்கு விடுகிற ஆக்கள். ஒரு வியாபாரியின்ர செக் திரும்பினால் மற்ற வியாபாரிக்குச் சொல்லாமல் விடேலாது. நாளைக்கு எனக்கும் அவங்கள்தான் சொல்லுவாங்கள். எங்கட தொழிலிலை அது வழக்கம்."

"ஒரு வியாபாரியின் காசோலை என்றா சொன்னீர்?"

"வேற என்னெண்டு சொல்லுறது?" மீராசாகிபுவின் குரலில் முதன்முறையாக எரிச்சல் வந்தது. "வீட்டுப் பொம்பிளையெண்டால் நான் என்னத்துக்கு அறுபத்தஞ்சு புசலைக் கடனுக்கு இறக்கிறன்?"

கதிர்காமநாதன் ஒரு கேள்வியும் கூடக் கேளாமல் உட்கார்ந்தார். மனேச்சர் காலைக் கீழே இறக்கி வைத்தார்.

வெளியில், நீதிமன்ற வளவு வேப்பமரத்தடியில், வீரகத்தி சோடா வாங்கப் போனான். மீராசாகிபு தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"தங்கச்சி..."

"அண்டைக்கு என்ர முன்னாலை நிண்டு, மூச்சும் விடேல்லையெண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

"நான் அந்தக் கிளாக்கரை ஒண்டரை வருசமாத் திட்டிக்கொண்டு திரிஞ்சனான். சாமிக்கு முன்னாலை நிண்டும் திட்டினனான்."

மன்னிப்புக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது. உடைந்து ஏதாவது சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. "மனேச்சர் என்னைக் கூப்பிட்டு, நட்டமில்லை எண்டு மட்டும் சொல்லச் சொன்னவர். அதையும் சொன்னன், மற்றதையும் சொல்லிப்போட்டன். இனி லொறிக் கடன் என்னாகுமோ தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிலையம் பக்கம் நடந்தார்.

பஸ்ஸில் வீரகத்தி வெகுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். புளியங்குளம் தாண்டிய பிறகு கேட்டான்:

"உண்மையாக் கிழமைக்கு இருபது புசலோ?"

"ஓம். ஏன்?"

"எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது." அவன் கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்தான். "ஒரே வளவுக்குள்ளை இருந்துகொண்டு."

தீர்ப்பு ஐப்பசியில் வந்தது. இலாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி விற்பவர், கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், படிவத்தில் யார் என்ன எழுதியிருந்தாலும், வியாபாரியே என்று நீதவான் எழுதியிருந்தார். அவளோடு தொழில் செய்தவர்களே அவளை அப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள், நம்பிய போதும் சரி, சந்தேகப்பட்ட போதும் சரி என்றும் எழுதியிருந்தார். மனைவியின் கணக்கிலுள்ள காசு கணவனின் காசல்ல என்று தனியாக ஒரு பந்தி. கேட்டது மூவாயிரம், கிடைத்தது எழுநூற்றைம்பது ரூபாவும் வழக்குச் செலவும்.

பிரக்கிராசியார் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னபோது அவளுக்கு மகிழ்ச்சி வந்ததுதான். ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. வியாபாரி என்ற பெயர் கோட்டிலிருந்து வந்தது. அதற்குரிய சனம் கோட்டிலிருந்து வரவில்லை. யோகலிங்கம் வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிக் கதைத்தான், நெல் மட்டும் கொண்டுவரவில்லை. தவராசாவை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். அவர் செய்தது ஒரு பிழை. அவள் அவர்மேல் போட்டது இரண்டு. ஒரு கடிதம் எழுதுவிப்போமா என்று யோசித்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

மீராசாகிபுவின் நினைப்புத்தான் அவளைக் கூடுதலாக அலைக்கழித்தது. நெல்லைக் காயப்போடும்போதும் துழாவும்போதும் அவரோடு மனதுக்குள் வழக்காடினாள். முகத்துக்கு நேரே பொய் சொன்ன மனிதர். சத்தியம் செய்தார் என்பது சரி. ஆனால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்பவர்கள் எத்தனை பேர்? ஒரு 'இல்லை' போதும், கூண்டிலிருந்து மரியாதையாக இறங்கியிருக்கலாம். மனேச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். லொறி வங்கியின் கையில் இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் தன் வாயால் தன்னைக் காட்டிக் கொடுத்தார்.

தான் அவருடைய இடத்தில் நின்றிருந்தால்? வேறொருத்தியின் காசோலை தன் கைக்குத் திரும்பி வந்திருந்தால், மில்லில் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேனா? அந்தக் கேள்விக்கு அவளிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. அதை அவள் விரும்பவில்லை.

தை முடிவில் மீராசாகிபு மனைவி ஜொஹறாவோடு வந்தார். லொறியில் அல்ல, பஸ்ஸில். ஜொஹறா ஒரு கைப்பெட்டியில் முல்லைத்தீவுக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். கமலாசனி கதிரை போட்டு, கோப்பி கொடுத்தாள். லொறிக் கடனை வங்கி ஒரேயடியாகக் கட்டச் சொன்னதாகவும், மைத்துனரிடம் கைமாற்று வாங்கிக் கட்டியதாகவும் ஜொஹறாதான் சொன்னாள். மீராசாகிபு அவளைப் பேச வேண்டாம் என்று கையால் தடுத்தார்.

"முள்ளியவளையிலை இந்த முறை நல்ல விளைச்சல் தங்கச்சி. நூறு புசல் வரும். முந்தி மாதிரி இறக்கிப்போட்டுப் போறன். வேணுமெண்டால் சொல்லுங்கோ."

"யோசிச்சுச் சொல்லுறன், நானா."

"யோசியுங்கோ."

அவள் எட்டு நாள் யோசித்தாள். வீரகத்தி ஒருநாள் மட்டும், "என்ன முடிவு?" என்று கேட்டான். "பொய் சொன்னவர்தான். ஆனால் சொல்ல வேண்டிய இடத்திலை உண்மையைச் சொல்லிப்போட்டார். மற்றவை எலி தின்னிட்டுதெண்டுகொண்டுதான் இன்னும் இருக்கினம்" என்றாள். ஒன்பதாம் நாள் முல்லைத்தீவு பஸ் கொண்டக்டரிடம் சொல்லி அனுப்பினாள்.

லொறி வியாழக்கிழமை வந்தது. கமலாசனி ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

"ஈரம், நானா."

"ஈரமோ? மூண்டு வெயில் காய்ஞ்சது!"

"மூண்டு வெயில் காய்ஞ்ச நெல்லு இப்பிடி ஒட்டாது. புசலுக்குக் கால் ரூபா குறையுங்கோ."

"கால் ரூபாயோ? என்ன கதை தங்கச்சி இது!"

அதைப் பற்றி இரண்டு பேரும் அரைமணி நேரம் வாக்குவாதப்பட்டார்கள். சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, சாக்குகளுக்கு மேல் ஏறிப் படுத்துக்கொண்டான்.